முப்பத்தேழு டிகிரி

பாறையை அவர் முதலில் கண்ணால் பார்க்கமாட்டார். விரலால்தான் பார்ப்பார். வெயிலில் கொதித்துக் கிடக்கும் கருங்கல்லின் மேல் வலது ஆள்காட்டி விரலின் நுனியை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போவார். ஓரிடத்தில் விரல் நிற்கும். அங்கே குனிந்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு கரும்புள்ளி இருக்கும். நானும் அதே இடத்தைத் தடவிப் பார்த்திருக்கிறேன். எனக்கு எல்லாம் கல்லாகவே இருந்தது.

கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னால் கேட்கமாட்டார். "கையுறை போட்டா எது கல்லு, எது உசுருன்னு எப்படித் தெரியும் பாப்பா?" என்பார். எம்.எஸ்ஸி. முடித்து வேலைக்கு வந்த என்னைப் பாப்பா என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். தர்மபுரியில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகம். அவர் கல்யாணத்துக்குப் பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அந்த ஆய்வுத் திட்டத்தில் உதவியாளர். வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவர் கொண்டுவருவார், நான் வளர்ப்பேன்.

நாங்கள் தேடியது பூஞ்சைகளை. ஆனால் பழைய ரொட்டியிலும் ஈரச் சுவரிலும் வருகிறவற்றை அல்ல. எதுவும் வாழ முடியாது என்று நாம் நினைக்கிற இடத்தில் வாழ்கிறவற்றை. மண் இருக்கக் கூடாது. நிழல் இருக்கக் கூடாது. மழை நின்றால் மாதக்கணக்கில் ஈரம் தங்கக் கூடாது. சித்திரை மதியத்தில் கை வைத்தால் தோல் பொள்ள வேண்டும். அப்படிப்பட்ட பாறைமேல் ஒரு புள்ளியாக ஒட்டிக்கொண்டு, கிடைத்ததைத் தின்று, கிடைக்காதபோது தூங்கி, ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும் கரும்பூஞ்சைகள் உண்டு. திட்ட அறிக்கையில் அதற்கு நீளமான பெயர் இருந்தது. அக்கா அவற்றை "எதையும் தாங்கறவங்க" என்று சொல்வார்.

பென்னாகரம் சாலையில் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக்கு அடிக்கடி போவோம். அங்கே காவலுக்கு இருந்தவர் முதல் நாள் எங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"ஏங்க, கல்லுல என்னாங்க சொரண்டறீங்க? தங்கம் கிங்கம் இருக்குதா?"

"பூசணங்க," என்றார் அக்கா.

"அது எங்கூட்டு ஊறுகாய் ஜாடியிலயே கெடக்குதுங்களே. அதுக்கா இந்த வெயில்ல வந்தீங்க?"

அக்கா சிரிக்கவில்லை. அந்த ஊறுகாய் எந்த ஊறுகாய், பூசணம் என்ன நிறம், உப்பு எவ்வளவு போடுவார்கள் என்று விசாரித்தார். அடுத்த முறை போனபோது அவர் ஒரு தூக்குப்போசியில் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் வளர்த்துப் பார்த்தோம். சாதாரணப் பூசணம்தான். ஆனால் அதைச் சாதாரணம் என்று சொல்ல அக்கா இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார்.

அதுதான் அவர். எதற்கும் உடனே பெயர் சொல்லமாட்டார். அவர் பேச்சில் அதிகம் வந்த சொல் 'மாதிரி'. கேண்டீனில் சாம்பாரை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சாம்பார் மாதிரி இருக்குது" என்பார். சமைத்தவர் கிண்டல் என்று நினைத்து முறைப்பார். கிண்டல் இல்லை. பேருந்தின் பலகையைப் படித்துவிட்டு, "அரூர் வண்டி மாதிரிதான் தெரியுது" என்று சொல்லி, நடத்துநரிடம் கேட்ட பிறகே ஏறுவார். பாலக்கோடு பக்கம் தக்காளி பயிரிடும் அவர் கணவர், பெண் பார்க்கப் போன கதையை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வார். "என்னைய மூணு தரம் பாத்துட்டுதாங்க சரின்னா. மொதல் தரம் பாத்துட்டு அவங்கம்மா கிட்ட 'மாப்பிள்ளை மாதிரிதான் இருக்காரு'ன்னு சொன்னாளாம். எங்கப்பாவுக்கு அன்னிக்கே காய்ச்சல் வந்துடுச்சு."

அந்த மூன்று, அவருடைய சட்டம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், அங்கே இருந்த ஒரு மூத்த ஆய்வாளர் புதிய இனம் கண்டுபிடித்துவிட்டதாகக் கட்டுரை எழுதினார். வேறோர் ஊரில் அதைச் சோதித்தவர்கள், அது காற்றில் மிதந்து வந்து வளர்ப்புத் தட்டில் விழுந்த வெறும் ரொட்டிப் பூசணம் என்று காட்டிவிட்டார்கள். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நான் சேர்ந்தபோதும் கருத்தரங்குகளில் எங்கள் ஆய்வகத்தின் பெயரைச் சொன்னால் யாராவது ஒருவர் ரொட்டியைப் பற்றி விசாரிப்பார். அந்த ஆய்வாளர் ஆராய்ச்சியையே விட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று அக்கா வைத்துக்கொண்ட விதி இது: மூலத்திலிருந்து மூன்று தரம் புதிதாக எடுத்து மூன்று தரம் வளர்க்க வேண்டும். மூன்று தரமும் ஒரே முகம் வந்தால் வாயைத் திறக்கலாம். அதுவரை அது 'மாதிரி'தான்.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியருக்கு இதில் பொறுமை இல்லை. குவாரியில் எடுத்த ஒன்று புதிய இனமாக இருக்கலாம் என்று தெரிந்ததும், அதற்குக் கல்லூரி நிறுவனரின் பெயரை வைத்துவிடலாம் என்றார். அக்கா பணிவாக, "சார், மொதல்ல அது யாருன்னு தெரியட்டும். நிறுவனருக்குப் பூசணம்னா சந்தோசமா இருக்குமா, கோவம் வருமான்னு அப்புறம் கேட்டுக்கலாம்" என்றார். பேராசிரியர் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தக் குவாரிப் பூஞ்சை தட்டில் வளர்வதே தெரியாது. பயறு அளவுக்கு வர மூன்று வாரம். கரியைப் பொடித்துப் பிசைந்து உருட்டி வைத்ததுபோல இருக்கும். ஓரத்தில் மட்டும் பாசி நிறம். அது எதையெல்லாம் தாங்குகிறது என்று சோதிப்பது என் வேலை. உப்பைக் கூட்டினேன், வளர்ந்தது. தண்ணீரை அறவே குறைத்தேன், நின்றது, சாகவில்லை. நாம் மேசையைச் சுத்தம் செய்யப் போடும் புற ஊதா விளக்குக்கு அடியில் வைத்தேன். விளக்கை அணைத்த பிறகு, எதுவும் நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அக்கா ஒவ்வொரு முடிவுக்கும் குழந்தை பரீட்சையில் தேறியதைக் கேட்பதுபோலத் தலையாட்டினார். எனக்கோ, கொல்ல முடியாத ஒன்றை மூடி போட்ட கண்ணாடித் தட்டில் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது.

அதன் மரபணு வரிசையைப் பெங்களூருக்கு அனுப்பியிருந்தோம். முடிவு வந்த அன்று அக்கா கணினிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உறவுமுறை பார்ப்பதுதான் வகைப்படுத்தல் என்பது அவர் கட்சி. திரையில் இருந்த கிளைகளைக் காட்டி, ஊரில் யார் வீட்டுக்கு யார் என்ன முறை என்று சொல்வதுபோலவே சொன்னார்.

"நம்மாளுக்குக் கூடப்பொறந்தவங்கன்னு யாரும் கெடைக்கல. பங்காளிங்க ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தன் எங்கியோ பாலைவனத்துல பாறைமேல ஒக்காந்திருக்கான். சாமியாரு. யாரு வம்புக்கும் போவாதவன்."

"இன்னொருத்தன்?"

"இன்னொருத்தன் மனுசன் மூளைக்குப் போறவன்."

நம்முடையது யார் பக்கம் என்று கேட்டேன். ரத்தம் ஒன்றுதானே, எந்தப் பக்கமும் போகலாம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் எந்த வித்தியாசமும் இல்லை.

எங்கள் துறையில் முப்பத்தேழு டிகிரி என்பது ஒரு வாசல். பூஞ்சைகளில் பெரும்பாலானவை நம் உடம்புக்குள் வர முடியாததற்கு முதல் காரணம், நாம் சூடாக இருப்பதுதான். இருபத்தைந்தில் செழிக்கிறவை, முப்பத்தேழில் வாடிவிடும். அந்தச் சூடுதான் நமக்கு வேலி. குவாரிப் பூஞ்சையை நான் இருபத்தைந்து, முப்பது, முப்பத்தேழு, நாற்பது என்று நான்கு சூட்டில் வைத்தேன். சித்திரை வெயிலில் பாறைமேல் கிடந்த ஒன்றுக்கு முப்பத்தேழு ஒரு குளிர்ந்த சாயங்காலம் என்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். மற்ற எல்லாச் சூட்டையும்விட முப்பத்தேழில்தான் அது நன்றாக வளர்ந்தது. நாற்பதிலும் மெல்ல வளர்ந்தது. நாற்பது என்பது கடும் காய்ச்சல்.

தட்டுகளை அவரிடம் காட்டியபோது, அவர் முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் தட்டுகளை வைத்திருந்த இன்குபேட்டரின் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு அதே கையைத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தார். "ஒன்னு மாதிரிதான் இருக்குது" என்றார்.

அன்றிலிருந்து நான் இரண்டு கையுறை போட ஆரம்பித்தேன். தட்டுகளின் விளிம்பை இரண்டு சுற்று நாடாவால் ஒட்டினேன். குளிக்கும்போது என் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பார்க்க வேண்டியது என் விரல்களை அல்ல என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மாதுளை உரித்துக்கொண்டிருந்தார். வலது ஆள்காட்டி விரலை மட்டும் தொடாமல் தூக்கியே வைத்திருந்தார். கையைக் காட்டச் சொன்னேன். நகத்துக்கு எதிர்ப்பக்கம், நுனியில், பூக்கோசின் ஒரு கிள்ளுபோல ஒரு தடிப்பு. அதன்மேல் மிளகைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். பாறையில் நான் எத்தனை தடவியும் தெரியாத அந்தப் புள்ளிகள், அவர் விரலில் எனக்குப் பார்த்ததும் தெரிந்தன.

குவாரியில் ஒரு கல்சில்லு குத்தியது, ஆறேழு மாதம் இருக்கும் என்றார். வலிக்கவில்லை, அதனால் பேசவில்லை. ஒரு மருத்துவர் மரு என்று சொல்லிச் சுட்டு எடுத்தாராம். திரும்ப வந்தது. இன்னொருவர் படை என்று சொல்லி ஒரு ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தாராம். அதைப் போட்ட பிறகுதான் பெரிதானது. மருத்துவர்கள் தவறியது அவருக்கு வருத்தமாகத் தெரியவில்லை. அவர்கள் அவசரப்பட்டதுதான் தாங்கவில்லை.

"ரெண்டு பேரும் பாத்த ஒடனே பேரு வெச்சிட்டாங்க பாப்பா. ஒருத்தராவது சொரண்டிப் பாக்கணும்ல."

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் தசையை எடுத்துச் சோதிக்கலாம் என்றேன். என் காரணங்களை வரிசையாகச் சொன்னேன். புள்ளிகள் இருக்கின்றன. கல் குத்தியது நாம் பூஞ்சை எடுத்த அதே குவாரியில். அந்தக் களிம்பு தோலின் எதிர்ப்பை அடக்கிப் பூஞ்சைக்குச் சோறு போடுகிற களிம்பு. முப்பத்தேழில் அது எப்படி வளர்கிறது என்று இந்த ஊரில் நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மொதல்ல அது யாருன்னு தெரியட்டும்" என்றார். பேராசிரியரிடம் சொன்ன அதே சொற்கள், அதே பணிவு.

அன்று மாலையே கிருமி நீக்கிய பிளேடால் தன் விரலைத் தானே சுரண்டினார். இடது கையால் செய்தார். தட்டில் தேய்த்து, பாறை சாம்பிள்களுக்குப் போடும் வரிசையிலேயே அடுத்த எண்ணைப் போட்டு என்னிடம் கொடுத்தார். கிடைத்த இடம் என்ற கட்டத்தில் 'விரல்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

"மூணு தரமாக்கா?"

"மூணு தரம்."

ஒரு தரத்துக்கு மூன்று வாரம் என்றால் மூன்று தரத்துக்கு எவ்வளவு என்று இருவருக்கும் தெரியும். "அக்கா, உங்க விரல் தட்டு இல்ல," என்றேன். "தெரியும்," என்றார். "அதனாலதான் தப்பாச் சொல்லக் கூடாதுங்கறன். தப்பான பேருக்குத் தப்பான வைத்தியம் ரெண்டு தரம் ஆச்சு."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை மேலும் பயமுறுத்தியது. தப்பு எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்ட முடியாத அவருடைய பிடிவாதத்தோடு நான் ஒவ்வொரு நாளும் வேலை செய்தேன். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தட்டுக்கு வெளியே அதே சூட்டில் அது அவர் கையில் வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டில் எது வேகம் என்று கணக்குப் போடுவேன். பிறகு கணக்குப் போட்டதற்காகப் பயப்படுவேன். அவர் மட்டும் வழக்கம்போல வந்தார், வழக்கம்போலச் சாம்பாரைச் சந்தேகப்பட்டார். ஆனால் பேனாவை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடித்து எழுதப் பழகிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஸ்லைடுப் பெட்டியை வாங்கும்போது விரல் பட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலி மாதிரி" என்றார்.

முதல் தரம் வளர்ந்துவிட்டது. கரி உருண்டை. ஓரத்தில் பாசி நிறம். பக்கத்தில் பாறையிலிருந்து எடுத்த தட்டை வைத்தேன். எண்ணை மறைத்துவிட்டால் எது எது என்று எனக்கே தெரியாது. அவரிடம் காட்டினேன். இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டாம் தரத்துக்கு விரலைச் சுரண்ட பிளேடை எடுத்தார்.

அந்த வாரம் அவர் கணவர் கல்லூரி வாசலில் எனக்காகக் காத்திருந்தார். கையில் ஒரு பை தக்காளி. அவர் எப்போதும் எதையாவது கொண்டுவருவார், எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். அன்று பையைக் கொடுக்கவே மறந்து கையிலேயே வைத்திருந்தார். அக்கா வீட்டில் கல் குத்தியது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். தூங்கும்போது கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொள்கிறார், கேட்டால் பாத்துக்கலாம் வுடுங்க என்கிறார், சோறு பிசைய ஸ்பூன் கேட்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"எனக்கு உங்க படிப்பெல்லாம் புரியாதும்மா. ஒன்னே ஒன்னு சொல்லு. அது பரவுமா?"

அக்காவின் சட்டப்படி நான் சொல்ல வேண்டியது, இன்னும் தெரியவில்லை என்பது. அது பொய்யும் இல்லை.

"பரவுங்கண்ணா," என்றேன். "இன்னிக்கே சேலத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் தட்டைக் கொடுத்து அனுப்பறன்."

அவர் நேராக ஆய்வகத்துக்குள் போனார். அந்த அறைக்குள் அவர் அதுவரை வந்ததே இல்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, அக்காவின் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, "எந்திரி, போலாம்" என்றார். அக்கா என்னைப் பார்த்தார்.

"ஒரு தரம் வந்ததுக்கே பேரு வெச்சிட்ட இல்ல."

"ஆமாக்கா."

அறுவை சிகிச்சை நாள்வரை அவர் என்னோடு பேசவில்லை.

சேலத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் விரல் நுனி எலும்பு கரையான் அரித்த மரம்போல இருந்தது. இரண்டு கணுவரை விரலை எடுக்க வேண்டும், அதன்பின் நீண்ட நாள் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார் மருத்துவர். எந்த மாத்திரை என்பதுதான் கேள்வி. மருந்தில் நனைத்த காகித வில்லைகளைப் பூஞ்சை பரப்பிய தட்டில் வைத்தால், அதைக் கொல்லும் மருந்தைச் சுற்றி வெற்றிடம் உண்டாகும். அதைச் செய்ய வேண்டியவள் நான். வழக்கமாக முதலில் கொடுக்கும் மருந்தின் வில்லையைச் சுற்றி வெற்றிடமே இல்லை. கரும்பூஞ்சை அந்த வில்லையின்மேலேயே ஏறியிருந்தது. இன்னொரு வில்லையைச் சுற்றி நகக்கண் அகலத்துக்கு ஒரு வளையம் தெளிந்திருந்தது. அவ்வளவுதான் இருந்தது. அதைச் சேலத்துக்குச் சொன்னேன்.

இரண்டு மருந்தின் பெயரையும் அவர் கணவர் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். பலிக்காத மருந்தின் பெயரிலும் விரலை வைத்து நின்றார். "இந்த ஜோல்னு முடியறதெல்லாம் நாங்க தோட்டத்துக்கு அடிக்கறதாச்சேம்மா," என்றார். குவாரியைச் சுற்றி இருப்பது முழுவதும் தக்காளித் தோட்டங்கள்; அந்தத் தெளிப்பு பட்டுப் பட்டுப் பூஞ்சை அதற்குப் பழகியிருக்கும்.  அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அறுவைக்கு முன்னால் அக்கா மருத்துவரிடம் ஒரு கோரிக்கை வைத்தார். எடுக்கும் விரலை முழுவதும் ஃபார்மலினில் போடக் கூடாது. ஃபார்மலினில் போட்டால் எல்லாம் செத்துவிடும். நடுவிலிருந்து ஒரு துண்டும், கையை ஒட்டி வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு துண்டும் உயிரோடு வேண்டும். பதினைந்து ஆண்டு சர்வீஸில் யாரும் தன் விரலைத் திருப்பிக் கேட்டதில்லை என்றாராம் மருத்துவர். கடைசியில் ஒப்புக்கொண்டார். நடுத்துண்டில் இருப்பது அதே பூஞ்சைதானா என்று தெரியும். ஓரத்துண்டில்தான் மற்றது தெரியும். அதில் எதுவும் வளராவிட்டால் விரலோடு போயிற்று. வளர்ந்தால் கைக்குள் ஏறிவிட்டது என்று பொருள். கைக்கு அப்புறம் எங்கே என்பதற்கு அந்த மூளைக்குப் போகிற பங்காளி இருக்கிறான்.

அந்தத் துண்டுகளை நான்தான் பேருந்தில் கொண்டுவந்தேன். மடியில் சிறிய ஐஸ் பெட்டி. நடத்துநர் சீட்டுக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா, மீனா? நாத்தம் வந்தா எறக்கி வுட்டுடுவன்."

"லேபுக்குப் போற சாம்பிளுங்க."

தொப்பூர் கணவாயில் வண்டி வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் பெட்டிக்குள் குப்பி நகர்ந்து மோதும் சத்தம் கேட்டது. அவர் பாறையைப் பார்க்கும் கண் என் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் பெட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

நடுத்துண்டில் இரண்டு வாரத்திலேயே கரும்புள்ளி எழுந்தது. அதற்குள் இரண்டாம் தரத் தட்டும் அதே முகத்தோடு வளர்ந்திருந்தது. ஆக மூன்று. படம் எடுத்து அனுப்பினேன். அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "இதுதான்" என்றார். வேறு எந்தச் சொல்லும் சேர்க்கவில்லை. பிறகு, எங்கள் சண்டை எங்கே நின்றதோ அதைத் தாண்டி வந்து, இனத்தின் விவரக் குறிப்பைச் சொல்லச் சொல்ல என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். கருங்கல்லில் வாழ்வது என்று பொருள்படும் பெயர் வைத்தார். மூல சாம்பிள், குவாரிப் பாறை. 'ஆய்வு செய்யப்பட்ட பிற சாம்பிள்கள்' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி: மனித விரல், பெண், தர்மபுரி மாவட்டம். உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். அந்த இடத்தில் பெயர் போடும் வழக்கம் இல்லை என்றார்.

ஓரத்துண்டுத் தட்டு முப்பத்தேழில் இருந்தது. காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் எடுப்பேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அடியிலிருந்து பார்ப்பேன், மேலிருந்து பார்ப்பேன், ஒருக்களித்துப் பார்ப்பேன். முதல் வாரம் எதுவும் இல்லை. மூன்றாம் வாரமும் இல்லை. நாள் ஆக ஆகத் தட்டில் பூஞ்சைக்கு உணவாக ஊற்றிய அகார் காய்ந்து விளிம்பில் சுருங்கும், கீறல் விடும். ஒவ்வொரு கீறலின் நிழலும் எனக்குக் கறுப்பாகத் தெரியும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபின்தான் மூச்சு வரும். தசைத்துண்டு வெளுத்துச் சுருங்கிப்போயிற்று. அதைச் சுற்றி எதுவும் எழவில்லை. எவ்வளவு நாள் தூங்கக் கூடியது அது என்பதை நானே சோதித்து எழுதியிருந்தேன். ஈரமில்லாமல், விளக்கடியில், உப்பில். நின்றது, சாகவில்லை.

ஆறாவது வாரம் அவருக்குத் தொலைபேசினேன். அவர் கணவர்தான் எடுத்தார், ஒலிபெருக்கியில் போட்டார். பின்னால் குக்கர் சத்தம். அக்கா பக்கத்திலேயே இருக்கிறார் என்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. தட்டு சுத்தமாக இருக்கிறது என்றேன்.

"'இல்ல'ன்னு எழுதாத பாப்பா," என்றார் அக்கா தூரத்திலிருந்து. "'இதுவரைக்கும் வரல'ன்னு எழுது."

"சரிக்கா."

"தட்டைத் தூக்கிப் போட்டுடாத. இன்னும் இருக்கட்டும்."

"சரிக்கா."

 பிறகு அவர் கணவர் போனை வாய்க்கு அருகில் கொண்டுவந்தார். குரல் தாழ்ந்திருந்தது. ஆனால் ஒலிபெருக்கியை அவர் அணைக்கவில்லை.

"அம்மா, அவ சொல்றது எனக்கு வேணாம். நான் தெனம் சாயங்காலம் அவ கையப் புடிச்சிப் பாக்கறன். வீங்குதா, கறுக்குதான்னு. அந்த மாத்திரைய முழுங்க வெச்சிட்டு ஒக்காந்து பாத்துனே இருக்கறன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லும்மா. இருக்குதா, இல்லயா?"

தட்டு என் கையில்தான் இருந்தது. இன்குபேட்டரிலிருந்து எடுத்து நேரமாகவில்லை. உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது.

"இல்லைங்கண்ணா," என்றேன்.

அவர் மூச்சு விட்டது கேட்டது. நான் அக்காவுக்காகக் காத்திருந்தேன். ஒரு தரம் வந்ததற்குப் பெயர் வைத்ததை மன்னிக்க அத்தனை நாள் எடுத்துக்கொண்டவர், ஒரு தரமும் வராததற்குப் பெயர் வைப்பதை எப்படி விடுவார்? குக்கர் இன்னொரு முறை கத்தி அடங்கியது. வளையல் சத்தம் நெருங்கி வந்து போனை வாங்கியது. ஒலிபெருக்கி அணைந்தது.

"சாப்டியா பாப்பா?" என்றார்.

அதுவரை அவர் என்னை அப்படிக் கேட்டதே இல்லை.